எரியாத மருந்து

கண்ணில் சொட்டு மருந்து விடுவதில் எனக்கு நல்ல கைப்பக்குவம் உண்டு, டாக்டர். கீழிமையை ஒற்றை விரலால் லேசாக இழுத்து, அந்தச் சின்னப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. அவர் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடும். பிறகு மூக்கோரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் காட்டிக் கொடுத்தீர்களே, அதையும் விடாமல் செய்தேன். சற்று முன்னால் நீங்கள் "மருந்து ஒழுங்கா விடுறீங்களா?" என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "எனக்க வீட்டுக்காரி விடாம இருப்பாளா டாக்டரே, மணியடிச்ச மாதிரி விடுவா" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. காலையிலும் விட்டேன், மாலையிலும் விட்டேன். என்ன விட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை.

அவரை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். டெஸ்ட் எடுக்கிற ஷீஜா பக்கத்தில் இருக்கிறாள். அவளிடம் ஏதோ ஒரு பழைய கால்பந்து ஃபைனல் கதையை ஆரம்பித்துவிட்டார். அந்தக் கதையில் முதல் பாதி முடியவே கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் நான் சொல்லி முடித்துவிடுவேன். ஆபரேஷனுக்குத் தேதி எழுதப் போவதாகச் சொன்னீர்கள் அல்லவா, பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

கிளீட்டஸ் சாரை உங்களுக்கு நோயாளியாகத்தான் தெரியும். எங்கள் கடற்கரையில் அவர் பெரிய புள்ளி. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இராஜாக்கமங்கலத்திலிருந்து குளச்சல் வரைக்கும் எந்த ஊர்த் திருவிழாவில் கால்பந்துப் போட்டி நடந்தாலும் விசில் இவர் வாயில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து 'சமாதானமாய்ச் சென்று வாருங்கள்' என்று பங்குச் சாமியார் சொல்வதற்கு முன்பே இவர் கோயில் வாசலில் பைக்கை உதைத்துக்கொண்டிருப்பார். ரெஃப்ரி போடுகிற அந்தக் கறுப்புச் சட்டைக்கு நான் போட்ட இஸ்திரியை என் கல்யாணப் பட்டுக்குக்கூடப் போட்டதில்லை.

அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. வேறு பெண் என்று ஒருத்தியும் கிடையாது. இருந்திருந்தால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டு, ஆளைக் கையோடு கூட்டி வந்திருப்பேன். மைதானத்தோடு போய் என்ன சண்டை போடுவது? இருபத்திரண்டு பேர் ஓடுவதை ஒரே நேரத்தில் பார்க்கிற கண் அது. பந்து இந்த மூலையில் கிடந்தால் அந்த மூலையில் எவன் எவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறான் என்று சொல்லிவிடுவார். வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். பந்து என்னிடம் வருவதே இல்லை என்பதால் என்னைப் பார்க்க வேண்டிய தேவையும் அவருக்கு வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் மகன் ரெனிஷுக்குக் கத்தாரில் விசா கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, பங்குப் பெண்களோடு வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தேன். இடுப்பு வரை இருந்த முடி. அன்றைக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் வைத்துக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு பெனால்டி கதையைத் தொடக்கம் முதல் ஒடுக்கம் வரைக்கும் சொன்னார். கறிக்கு உப்பு கொஞ்சம் கூடுதல் என்றும் சொன்னார். மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வந்து மொட்டையைத் தடவிப் பார்த்தபோதுதான், "ஏட்டி, தலைக்கு என்ன செய்த?" என்று கேட்டார். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், டாக்டர். ராத்திரி படுத்துக்கொண்டு அழுதேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அதுதான் கஷ்டம்.

பிறகு உங்களிடம் வந்தோம். பேப்பர் படிக்கக் கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அவர் வந்தார். நீங்கள் கண்ணில் பிரஷர் இருக்கிறது என்று சொல்லி, நரம்பைப் படம் எடுத்துக் காட்டினீர்கள். கண்ணுக்குப் பின்னால் நரம்பு தொடங்குகிற இடத்தில் குழி பெரிதாகியிருக்கிறது, ஓரத்து நரம்பெல்லாம் மெலிந்துபோயிருக்கிறது என்று விளக்கினீர்கள். அப்புறம் அந்த இருட்டு அறைக்கு அனுப்பினீர்கள். நானும் கூடப் போய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷின், அதில் தாடையை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையில் ஒரு பட்டன்.

"சாரே, நடுவுல உள்ள மஞ்ச லைட்டயே பாத்துட்டிருக்கணும். சுத்தி எங்கயாவது பொட்டு மாதிரி வெளிச்சம் கண்டா மட்டும் அமுக்கணும்" என்று ஷீஜா சொன்னாள். இவருக்கு அது போட்டியாகிவிட்டது. வெளியே வந்ததும் "பாஸா மக்களே?" என்று சொந்த மகளிடம் போல அவளிடம் கேட்டார். பாவம், அவள் முழித்தாள். இதில் பாஸும் ஃபெயிலும் இல்லை சாரே, உள்ளது உள்ளபடி தெரிந்தால் போதும் என்றாள். அதெப்படி, டெஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டு பாஸ் இல்லாமல் போகுமா என்று வழியெல்லாம் அவருக்கு மனக்குறை.

பார்வையின் ஓரங்கள் கொஞ்சம் போயிருந்தன. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றீர்கள். "காலையும் மாலையும் இந்த மருந்தை ஒழுங்கா விட்டா, இன்னும் பல வருஷம் சார் இப்படியே ஓடலாம்" என்று சொன்னீர்கள். அவர் எழுந்து உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீங்கள் நல்ல எண்ணத்தில் சொன்னது எனக்குத் தெரியும். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அந்த 'இப்படியே' மட்டும்தான் காதில் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் பல வருஷம் இப்படியே.

ஆனாலும் முதலில் சரியான மருந்தைத்தான் விட்டேன். அது அவருக்கு எரிந்தது. ஒரு சொட்டு விழுந்தால் வீடு முழுக்கப் பெகளம் வைத்துக் கத்துவார். "கண்ணுல மொளகாயத் தேச்சியாட்டி?" என்று கேட்பார். விசிலடித்து எனக்கு மஞ்சள் அட்டை காட்டுவார். தானாக விட்டுக்கொள்ளவும் வராது, மீசைக்குத்தான் மருந்து கிடைக்கும்.

ஒரு சனிக்கிழமை மருந்து தீர்ந்துபோயிற்று. ஃபிரிட்ஜில் என்னுடைய சொட்டு மருந்து இருந்தது. அடுப்புச் சூட்டில் கண் காய்ந்துபோகிறது என்று எனக்கு நீங்கள் எழுதிக் கொடுத்ததுதான், வெறும் கண்ணீர் மாதிரி இருக்கும். ஒரு வேளைதானே என்று அதை விட்டேன். "இன்னைக்கு எரியல்லியே" என்றார். பழகிப்போயிருக்கும் என்றேன். மனுஷன் அப்படியே என் மடியில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தார். திங்கட்கிழமை கடைக்குப் போய்ச் சரியான மருந்தை வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். தேங்காய்த் துருவல் டப்பாவுக்குப் பின்னால் அது பாட்டுக்கு இருந்தது. அதைத் தூக்கி எறியவில்லை, டாக்டர். காசு கொடுத்து வாங்கிய மருந்தை எறிய எனக்கு மனசு வராது.

உங்களைப் பார்க்க வருகிற நாள் நெருங்கினால் மட்டும் அதை எடுப்பேன். ஒரு வாரம் போல நல்ல மருந்து விட்டால் பிரஷர் இறங்கிவிடும் என்று நீங்கள்தான் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னீர்கள். "என்னட்டி, மறுபடியும் எரியுது?" என்பார். "டாக்டரக் காணப் போறோம்னு உங்க கண்ணுக்குப் பயம்" என்பேன். சிரிப்பார். இங்கே வந்தால் பிரஷர் நன்றாக இருக்கும். நீங்கள் என்னைப் பார்த்து, உங்களை மாதிரி ஒரு ஆள் வீட்டில் இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம் என்று சொன்னீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மெஷின் மட்டும்தான் இடைஞ்சலாக இருந்தது. அதற்கு அவரே வழி செய்து தந்தார். அடுத்த டெஸ்டுக்கு முந்தின நாள், ஃபெயிலானால் மைதானத்தில் இறங்க விடமாட்டார்களோ என்று கவலைப்பட்டுச் சோறுகூடச் சரியாக உண்ணவில்லை. நான் அந்த அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா, வெளிச்சம் வருவதற்கு முன்னால் மெஷினுக்குள் டிக்கென்று ஒரு சத்தம் வருவதைக் கவனித்திருந்தேன். அதைச் சொன்னேன். "சத்தம் கேட்டா அமுக்குங்க, அவ்வளவுதான்." வாழ்நாள் முழுக்க அடுத்தவன் கள்ளாட்டத்தைப் பிடித்த மனுஷன், சின்னப் பையன் மாதிரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எங்களுக்குள் ஒரு ரகசியம் என்று இருந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பட்டனை அமுக்கோ அமுக்கென்று அமுக்கினார். மெஷின் விவரமானது. நடுநடுவே சத்தத்தை மட்டும் போட்டுவிட்டு வெளிச்சம் காட்டாமல் இருந்து பார்க்குமாம். இல்லாத வெளிச்சத்துக்கெல்லாம் சார் அமுக்கியிருக்கிறார், இந்த ரிசல்டை நம்ப முடியாது என்று ஷீஜா சொன்னாள். இவருக்கு வந்ததே கோபம். "மிஷினே கள்ளாட்டம் ஆடினா மனுசன் என்ன செய்யதுக்கு?" என்று அவளிடம் நியாயம் கேட்டார். பிரஷர் நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த முறை பார்ப்போம் என்று நீங்கள் விட்டீர்கள். அதற்கடுத்த முறையும் அப்படியே ஆயிற்று. நீங்கள் அவரைத் திட்டவில்லை, என்னைச் சந்தேகப்படவும் இல்லை. உங்கள் நல்ல குணம் அது.

எனக்கு உங்கள் மெஷின் வேண்டியிருக்கவில்லை, என்னிடம் கரண்டி இருந்தது. அவர் தட்டில் குனிந்து சாப்பிடும்போது நான் பின்னால் நின்று கறிக்கரண்டியைப் பக்கவாட்டில் மெல்ல நீட்டுவேன். முதலில் எல்லாம் காதைத் தாண்டினாலே "கறி போதும்ட்டி" என்பார். அப்புறம் கரண்டி கன்னத்துக்கு வர வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் மூக்குக்கு நேரே வந்தால்தான் தெரிந்தது. அவருக்கு அது புலப்படவே இல்லை. பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியாது, மூளையே எதையாவது வைத்து நிரப்பிவிடும் என்று நீங்கள் சொன்னது முற்றிலும் உண்மை. வலியும் கிடையாது. வலி இருந்திருந்தால் நான் ஒரு நாளும் செய்திருக்க மாட்டேன். அவர் முகம் சுளித்தால் எனக்குத் தாங்காது.

எங்கள் பங்குத் திருவிழாப் போட்டியில்தான் விஷயம் வெளியே வந்தது. பக்கத்தில் நடந்த ஃபவுலை இவர் பார்க்கவில்லை. கூட்டம் "சாரே, கண்ணு காணல்லியா?" என்று கத்தியது. ரெஃப்ரியைப் பார்த்து அப்படிக் கத்துவது வழக்கம்தானே, அதனால் இவர் காதில் வாங்கவில்லை. அடுத்து ஒரு பந்து பக்கத்திலிருந்து வந்து முகத்தில் விழுந்தது. அது வருவதே அவருக்குத் தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். கமிட்டித் தலைவர் ஆன்ட்ரூஸ் மைதானத்துக்குள் வந்து, தோளில் கை போட்டு, "கொஞ்சம் இருங்க சாரே" என்று சொல்லி விசிலை வாங்கிக்கொண்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார்.

அந்தச் சாப்பாட்டை நான் மறக்க மாட்டேன். தலையைத் தூக்கி என்னைத் தேடினார். இப்போதெல்லாம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் முகத்தை முழுசாகத் திருப்பி, அந்தப் பொருளின் மேல் கண்ணைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் அல்லவா, அப்படி என் முகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஏட்டி, உனக்கு மூக்குக்குக் கீழ மறு உண்டா?" என்று கேட்டார். அந்த மச்சம் பிறந்ததிலிருந்தே உண்டு என்றேன். "நான் கண்டதே இல்லியே" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அதன் பிறகு நாங்கள் நன்றாக இருந்தோம், டாக்டர். நான் அடுக்களையில் நின்றால் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். நான் நகர்ந்தால் அவர் முகமும் நகரும். "ரீத்தா, எங்க நிக்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மீனில் முள்ளெடுத்துக் கொடுப்பேன். கையைப் பிடித்துப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பங்குப் பெண்கள் எல்லாரும், இந்த வயதில் என்ன ஜோடி என்று பொறாமைப்பட்டார்கள்.

அப்போதாவது நல்ல மருந்துக்கு மாறியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், மாறினேன். எனக்கும் மனசாட்சி உண்டு. நாலைந்து நாள் ஒழுங்காக விட்டேன். அந்த வாரம் பார்த்து ஆன்ட்ரூஸ் வீட்டுக்கு வந்தார். ஓரத்தில் கொடி பிடித்துக்கொண்டு நின்றால் போதும் சாரே, ஆள் கிடைக்கவில்லை என்றார். இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "ஏட்டி, அந்தக் கறுப்புச் சட்ட எங்க கெடக்கு?" என்று கேட்டார். சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலத்திலிருந்து பழையபடி என்னுடைய மருந்தையே விட்டேன். நாலு ஞாயிறு தாண்டவில்லை, கொடியையும் ஆன்ட்ரூஸ் வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கு டெஸ்டுக்குள் போகும்போது என் கையைப் பிடித்து, "இன்னைக்கு உள்ளத உள்ளபடி அமுக்குதேன். சத்தத்த நம்பி ஆடினது போதும்" என்றார். அவருக்குப் பயம் வந்துவிட்டது. ஷீஜா கொண்டுவந்து கொடுத்த தாளை நானும் பார்த்தேன். ரெண்டு கண்ணிலும் சுற்றிலும் கறுப்பு, நடுவில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. நீங்கள் அதைப் பழைய தாள்களோடு வைத்துப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: மருந்து ஒழுங்காக விட்டு, பிரஷரும் நன்றாக இருந்து, அப்படியும் நரம்பு போய்க்கொண்டிருக்கிறது என்றால் இந்தப் பிரஷரே இவருக்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். ஆபரேஷன் செய்து இன்னும் இறக்க வேண்டும். இவ்வளவு கொஞ்சமாக மிச்சம் இருக்கிறவர்களில் சில பேருக்கு, அபூர்வமாக, ஆபரேஷனோடு அந்த நடுவில் இருப்பதும் போய்விடலாம். இருந்தாலும் வேறு வழியில்லை.

அவர் என் கையைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். "நீ என்ன சொல்லுத ரீத்தா? நீ சொன்னாச் செய்வோம்" என்றார். முப்பது வருஷத்தில் என்னிடம் கேட்டு அவர் செய்யப் போகிற முதல் காரியம் இது. அதனால்தான் அவரை வெளியே விட்டுவிட்டு வந்தேன்.

ஆபரேஷன் வேண்டாம், டாக்டர். மருந்து தோற்றுப் போகவில்லை, அதை நான் மைதானத்தில் இறக்கவே இல்லை. ஏறக்குறைய இரண்டு வருஷமாக அவர் கண்ணில் நான் விட்டது என்னுடைய கண்ணீர் மருந்து. உங்களைப் பார்க்க வரும் வாரங்களைத் தவிர, மீதி நாளெல்லாம் அவருக்குப் பிரஷர் ஏறித்தான் இருந்திருக்கும். தெரிந்தேதான் செய்தேன். இனி சரியான மருந்தை விட்டாலே இருப்பது நிற்கும். நடுவில் இருக்கிற வெளுப்பை வைத்து நீங்கள் விளையாட வேண்டாம்.

நீங்கள் அப்படிப் பார்ப்பதால் சொல்கிறேன், நான் அவர் கண்ணைக் கெடுத்தேன் என்று சொல்வது சரியில்லை. கெடுத்தது நோய். நான் அதைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான். போலீசுக்குச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சோறு யார் போடுவது என்று மட்டும் யோசியுங்கள். அவரிடம் சொல்ல வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. உலகத்தில் அவர் முழுசாகப் பார்க்கிற ஆள் நான் ஒருத்திதான், அதையும் கெடுத்துவிட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?

ஆபரேஷன் என்று எழுதியதை அடித்துவிட்டீர்கள், நன்றி. எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருக்கிறது. மருந்து விட வேறு ஆள் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். ரெனிஷ் கத்தாரில் இருக்கிறான். ஆன்ட்ரூஸுக்குக் கை நடுங்கும். ஷீஜாவைத் தினமும் வரச் சொன்னால் அவள் வருவாளா? நானே விடுகிறேன். மாதாவின் மேல் சத்தியமாக, இனி எரிகிற மருந்தையே விடுகிறேன்.

சீட்டைக் கொடுங்கள். இதில் இரண்டு கண்ணுக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் விட்டே ஆக வேண்டுமா, டாக்டர்? வலது கண்ணுக்கு மட்டும் விட்டால் போதாதா? சாப்பிடும்போது நான் உட்காருவது அந்தப் பக்கம்தான்.